சின்னமும் கையெழுத்தும்

சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் பிரபுவின் பெயரைச் சொன்னதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, 1908ஆம் ஆண்டில் ஆறு பகுதிகளாக வெளிவந்து உலகெங்கும் பரவிய 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' என்னும் நூலே. அது சிறுவர்க்கென எழுதப்பட்டது. காட்டில் தடம் அறிதல், கயிற்றில் முடிச்சிடல், திறந்த வெளியில் சமைத்தல் எனப் பிள்ளை மனத்தை அள்ளும் செய்திகள் அதில் நிறைந்து கிடக்கின்றன. அதே ஆசிரியர் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1919இல், பெரியவர்க்கென்றே எழுதிய சிறு நூல் ஒன்றும் உண்டு. 'எய்ட்ஸ் டு ஸ்கவுட்மாஸ்டர்ஷிப்' என்பது அதன் பெயர். சாரணத் தலைவர்க்குத் துணைக்குறிப்புகள் என்று நாம் சொல்லலாம். முன்னது பெற்ற புகழில் பின்னது மறைந்துபோயிற்று. எனினும் சம்பளமின்றிப் பிறர் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தோளில் ஏற்கும் எவரும், அவர் மறைக்கல்வி ஆசிரியராயினும் பீடச்சிறுவரைப் பழக்குபவராயினும், ஒருமுறை படிக்க வேண்டிய நூல் இது. இதில் ஏற்க வேண்டியவை பல. எதிர்த்து வழக்காட வேண்டியவையும் உண்டு.

நூல் பிறந்த காலத்தை முதலில் நினைவிற்கொள்வோம். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கூட்டிச் சென்று பேடன் பவல் சோதனைப் பாசறை நடத்தினார். செல்வர் படிக்கும் பள்ளிகளின் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். பித்தளையில் வார்த்த லில்லி மலர்ச் சின்னம் அவர்களுக்கு வழங்கப்பட்டது. 'பேட்ஜ்' என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் சின்னத்தின் கதை அந்தத் தீவிலேயே தொடங்கிவிடுகிறது. அதன்பின் முதல் உலகப்போர் வந்தது. அணிமுறையைப் பற்றி 1914இல் அருமையான நூல் எழுதிய ரோலண்ட் ஃபிலிப்ஸ் என்ற இளைஞர் 1916இல் சோம் போர்க்களத்தில் மடிந்தார். அவரைப் போல எத்தனையோ சாரணத் தலைவர்கள் திரும்பி வரவில்லை. சிறுவர்கள் காத்திருக்கிறார்கள், வழிநடத்தப் பெரியவர் இல்லை. இந்த வெற்றிடத்தை நோக்கியே 1919இல் பேடன் பவல் எழுதுகிறார்.

அவர் வரைந்து காட்டும் தலைவர் யார்? பள்ளி ஆசிரியர் அல்லர், படைத்தளபதி அல்லர், குருவானவரும் அல்லர் என்று விலக்கிக்கொண்டே வருகிறார். (குருவானவரையும் அவர் விலக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை, பிரசங்கம் செய்யும் பழக்கம் எங்களை எளிதில் விடுவதில்லை.) சிறுவனின் உள்ளத்தைத் தம்முள் இழந்துவிடாத வளர்ந்த மனிதராக அவர் இருக்க வேண்டும், மூத்த அண்ணனின் இடத்தில் நிற்க வேண்டும். தமக்குப் பிடித்த உணவைத் தூண்டிலில் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மீன் கிடைக்காது, மீனுக்குப் பிடித்ததைத்தான் கோர்க்க வேண்டும் என்று ஓர் உவமையும் சொல்கிறார். மனிதரைப் பிடிக்கும் மீனவர் என்ற நற்செய்திச் சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்த உவமை அந்நியமாகத் தோன்றாது.

ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற இடத்தில் நூலின் குரல் மிகவும் இனிமையாகிறது. ஒவ்வொருவனின் இயல்பையும் தனித்தனியே அறிந்து வெளிக்கொணர வேண்டுமானால் தம்மால் பதினாறு பேரைத்தான் சமாளிக்க முடிந்தது என்கிறார். மற்றவர்கள் தம்மைவிட இருமடங்கு திறமையுடையவர்களாக இருக்கக்கூடும் என்று பெருந்தன்மையோடு கணக்கிட்டு, ஆகவே 32 பேருக்கு மேல் வேண்டாம் என்று முடிக்கிறார். மேஃபெக்கிங் நகரை 217 நாள் முற்றுகையில் காத்து நின்ற தளபதி, பதினாறு சிறுவரே தம் எல்லை என்று ஒப்புகிறார். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னத்தைப் பற்றி அவர் பின்னர் சொல்வதெல்லாம் இந்த எண்ணின்மேல்தான் நிற்கிறது.

அவருடைய சின்னக் கோட்பாடு இதுதான். பள்ளித் தேர்வில் ஒரு குறிப்பிட்ட தரத்தை எட்டினால் வெற்றி, எட்டாவிட்டால் தோல்வி. சாரணச் சின்னத்திற்கு அளவுகோல் அந்தத் தரம் மட்டுமன்று. அந்தச் சிறுவன் எவ்வளவு முயன்றான் என்பதே முதன்மையானது. இவ்வாறு வைத்தால், ஒன்றுக்கும் உதவான் என்று ஒதுக்கப்பட்டவனும், கூர்மதி படைத்த அல்லது வசதி படைத்த தோழனும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கலாம். சின்னம் ஒரு தூண்டுகோல். ஏதோ ஒரு கலையில், ஏதோ ஒரு கைத்தொழிலில் சுவை பிறக்கச் செய்வதே அதன் வேலை. சில தலைவர்கள் பையன் முதல்தரமாகத் தேறினால்தான் சின்னம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டொருவர் வல்லவராவர், மற்றவர் அஞ்சி ஒதுங்குவர் என்கிறார். தொடக்கத்தில் எளிய வேலியைத் தாண்ட வைத்தால் உற்சாகம் வரும், எடுத்த எடுப்பில் கல்மதிலைக் காட்டினால் தாண்டும் எண்ணமே போய்விடும் என்பது குதிரைச் சவாரி அறிந்தவரின் உவமை. உடனே மறுபக்கமும் பேசுகிறார். ஏதோ கொஞ்சம் தெரிந்தவனுக்கெல்லாம் சின்னத்தை அள்ளி வழங்குவதும் ஆபத்து. உழைத்துப் பெறுவது மறைந்து, வேட்டையாடிச் சேர்ப்பது அதன் இடத்தைப் பிடித்துவிடும். வேட்டையாடுபவன் யார், உண்மையாக உழைப்பவன் யார் என்று பிரித்தறியத் தலைவர் விழிப்பாயிருக்க வேண்டும் என்கிறார்.

மதிப்பெண்ணே பிள்ளையின் முகவரி என்றாகிவிட்ட நம் நாட்டில் இந்தக் கோட்பாடு ஒரு தென்றல்போல வீசுகிறது. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசுகளை அளந்த அளவுகோலும் இதுதானே என்று ஒரு கிறிஸ்தவ வாசகர் மகிழலாம். நானும் மகிழ்ந்தேன். ஆனால் திறனாய்வு அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிட முடியாது. விதவையின் காசை அளந்தவர் உள்ளங்களை அறிந்தவர். முடிச்சுப் போடும் பையனின் முயற்சியை அளப்பவரோ, மாலையில் அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வரும் ஒரு தன்னார்வலர். முயற்சி கண்ணுக்குத் தெரியாது, முடிச்சுத்தான் தெரியும். ஒருவனின் முயற்சியை அறிய வேண்டுமானால் அவன் சென்ற மாதம் எங்கே நின்றான் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவன் வீட்டு நிலைமை தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் பதினாறு என்ற எண். எண் பெருகினால் கோட்பாடு உடைகிறது. பேடன் பவல் இதை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஆனால் அவருடைய இயக்கம் அவர் கண்முன்பே இலட்சக்கணக்கில் பெருகியபோது, இந்த அளவுகோல் என்னவாகும் என்ற கேள்விக்கு நூலில் விடை இல்லை. தலைவர் தம் அறிவையும் நிதானத்தையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறார்.

விடையை அமெரிக்கர்கள் வேறு வழியில் தேடினார்கள். 1910இல் அங்கே நிறுவப்பட்ட 'பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா' 2019இல் பெண்பிள்ளைகளுக்கும் சாரணர் குழுக்களைத் திறந்தது. 2025இல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. அதன் உச்ச நிலை 'ஈகிள் ஸ்கவுட்'. 1912இல் முதன்முதலாக ஒரு சிறுவன் அதைப் பெற்றான். இன்று அதற்கு 21 தகுதிச் சின்னங்கள் வேண்டும். மொத்தமுள்ள 130க்கும் மேற்பட்டவற்றில் முதலுதவி, பாசறை வாழ்க்கை போன்றவை கட்டாயமானவை, ஏனையவை விருப்பம்போல் தேர்ந்தெடுக்கத்தக்கவை. ஒவ்வொரு சின்னத்திற்கும் அத்துறை தெரிந்த பெரியவர் ஒருவர் ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டு ஊதியமின்றிச் சோதிக்கிறார். மருத்துவத் தாதி முதலுதவியைப் பார்ப்பார், தச்சர் மரவேலையைப் பார்ப்பார். இங்கே அசையாத விதி ஒன்று உண்டு. எழுதி வைத்த தேவைகளில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ எந்தப் பெரியவருக்கும் அதிகாரமில்லை. செய்து காட்டு என்று எழுதியிருந்தால் சொல்லிக் காட்டுவது போதாது. சொல் என்று எழுதியிருந்தால் செய்து காட்டும்படி வற்புறுத்தவும் கூடாது. உடற்குறையோ அறிவுக்குறையோ உள்ள பிள்ளைகளுக்கு மாற்று வழிகள் தனியே வகுக்கப்பட்டுள்ளன.

பேடன் பவலின் நூலைப் படித்த கையோடு இந்த விதியைப் படிப்பவர், ஆவி போய் எழுத்து நின்றுவிட்டது என்று சொல்லத் துணியலாம். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். பெரியவரின் மனப்போக்கிலிருந்து பிள்ளையைக் காக்கும் வேலி அது. தன்னார்வலர்களில் இரு வகையினர் உண்டு. தாம் சிறுவராயிருந்தபோது பட்ட பாட்டை நினைத்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளும் அதே பாடு படட்டும் என்று புதுப்புது நிபந்தனைகளைச் சேர்ப்பவர் ஒரு வகை. பிள்ளை முகம் வாடக்கூடாது என்று எல்லாவற்றிலும் கையெழுத்திடுபவர் மறு வகை. முன்னவர் தம்மைக் கண்டிப்பானவர் என்று எண்ணிக்கொள்கிறார், பின்னவர் தம்மை அன்பானவர் என்று எண்ணிக்கொள்கிறார். இருவரும் பார்ப்பது பிள்ளையை அன்று. எழுதிய விதி இருவர் கையையும் பிடிக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு இது பாதுகாப்பு. எவருடைய தயவையும் அவன் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஆயினும் விதியால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. அது காலம். 'குடும்ப வாழ்க்கை' என்னும் சின்னத்திற்கு வீட்டு வேலைகளில் தன் பங்கை 90 நாள் செய்து வர வேண்டும். பணத்தை ஆள்வது பற்றிய சின்னத்திற்கு 13 வாரம் தொடர்ந்து வரவு செலவுக் கணக்கு எழுத வேண்டும். இவற்றில் அவசரத்திற்கு இடமில்லை. இன்னொரு பக்கம், ஒரே சனிக்கிழமையில் பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்து, மாலைக்குள் சின்னம் பெற வைக்கும் கூட்டங்களும் நடக்கின்றன. மற்றவர் பதில் சொல்ல இவன் தலையசைத்தான் என்றால் அது எந்தத் தேவையை நிறைவேற்றியதாகும் என்று அங்குள்ள தன்னார்வலர்களே தமக்குள் வாதிடுகிறார்கள். நம் ஊர்த் திருப்பயணக் கூட்டத்தில் பாவசங்கீர்த்தன வரிசை நீளும்போது ஒரு குருவானவருக்கு வரும் சோதனையை அறிந்தவன் என்ற முறையில், அவர்கள் வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கை பெருகும்போது கை விரைகிறது, கண் பின்தங்குகிறது.

பக்திக்கும் சின்னம் உண்டு. அமெரிக்கக் கத்தோலிக்கச் சாரணர்க்கு 'ஆத் அல்தாரே தேயி' என்னும் பதக்கம் வழங்கப்படுகிறது. இறைவனின் பீடத்தை நோக்கி என்பது அந்த இலத்தீன் சொற்களின் பொருள். ஏழு அருளடையாளங்களைப் பற்றிய படிப்பும் பயிற்சியும் அதற்குத் தேவை. அருளைப் பதக்கமாக்கலாமா என்று இறையியல் படித்த மனம் முதலில் முரண்டு பிடிக்கும். ஆனால் நம் பங்குகளில் மறைக்கல்வித் தேர்வு வைத்துப் பரிசு கொடுக்கிறோம். விவிலிய வினாடி வினாவுக்குக் கேடயம் கொடுக்கிறோம். பதக்கத்தை மட்டும் பழிப்பது முறையாகாது.

இனி நூலின் பெருங்குறையைச் சொல்ல வேண்டும். பேடன் பவல் பெரியவரை மிகவும் நம்பிவிட்டார். மூத்த அண்ணன் போல நெருங்கிப் பழகுங்கள் என்று அவர் சொன்ன நெருக்கத்தையே போர்வையாக்கிக்கொண்டு பிள்ளைகளைச் சீரழித்தவர்கள் அவர் இயக்கத்தில் இருந்தார்கள். 2020இல் அமெரிக்கச் சாரணர் அமைப்பு நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. தாங்கள் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டு முன்வந்தனர். ஏறத்தாழ 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. இந்த எண்களைப் படித்துவிட்டு, உயர்ந்த பண்புள்ள தலைவரைப் பற்றிய 1919ஆம் ஆண்டு அத்தியாயத்துக்குத் திரும்பினால், பக்கத்தைப் புரட்டக் கை கூசுகிறது. கல்லெறியும் தகுதி நம் திருச்சபைக்கு இல்லை என்பதையும் இந்த இதழின் வாசகர்கள் அறிவார்கள். அதே காயம் நம் உடலிலும் உண்டு. அமெரிக்கப் பங்குகள் பல அந்தச் சாரணர் குழுக்களை ஆதரித்து நடத்தியவையும்கூட.

பெரியவர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்று நூல் விரிவாகப் பேசுகிறது. அவர் அப்படி இல்லாவிட்டால் பிள்ளையைக் காப்பது எது என்ற கேள்வியையே அது எழுப்பவில்லை. அன்று பலரும் எழுப்பாத கேள்வி என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் பாதிக்கப்பட்டவருக்கு எதையும் தராது. இன்று அமெரிக்கச் சாரணர் விதிப்படி எந்த நிகழ்ச்சியிலும் பதிவு பெற்ற பெரியவர் இருவரேனும் இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கலாகாது. சின்னத்துக்காக ஆலோசகரைப் பார்க்கப் போகும் பிள்ளை தனியே போவதில்லை. இதனால் பழைய நெருக்கம் போய்விட்டது என்று புலம்பும் முதிய தன்னார்வலர்கள் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் இன்னொரு பெரியவர் பார்வையில் படும்படி பிள்ளையோடு பேச முடியாத நெருக்கம் எத்தகைய நெருக்கம்?

பெரியவரைப் பழக்கும் முயற்சி அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. நூல் வெளிவந்த அதே 1919ஆம் ஆண்டு செப்டம்பரில், இலண்டன் அருகே கில்வெல் பூங்காவில் சாரணத் தலைவர்க்கான முதல் பயிற்சிப் பாசறை நடந்தது. வங்கி அலுவலரும் பள்ளி ஆசிரியரும் அங்கே சிறுவரைப்போல அணி அணியாகப் பிரிந்து, ஒருவன் தலைமைக்கு மற்றவன் அடங்கி, தாமே விறகு பொறுக்கிச் சமைத்தனர். முடித்தவர்க்குக் கிடைத்தது ஒரு தோல்வாரில் கோர்த்த சிறு மரமணிகள். ஸுலு இனத் தலைவர் தினுசுலுவுடையது என்று சொல்லப்படும் மாலையிலிருந்து அந்த மணிகளை எடுத்தார் பேடன் பவல். 'உட் பேட்ஜ்' என்று பெயர். சின்னம் கொடுப்பவர் தாமும் ஒரு சின்னத்துக்காகப் புகையில் கண் கலங்கியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கத்தோலிக்க வட்டாரங்களில் சாரணர் இயக்கத்தின்மேல் பலத்த ஐயம் நிலவிய நாளில் அதை ஆழ்ந்து கற்றவர் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை ழாக் செவின். 1913இல் இங்கிலாந்து சென்று நேரில் கண்டார். 1920இல் பிரான்சில் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரானார். கில்வெல் பயிற்சியும் பெற்று, 1923இல் ஷாமராந்து என்ற இடத்தில் பிரெஞ்சுத் தலைவர்க்கெனப் பயிற்சிப் பாசறையைத் தொடங்கினார். 2012இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. சிறுவரைச் சேர்ப்பதோடு நில்லாமல் அவர்களை நடத்துவோரைப் பழக்கவும் அவர் முந்தினார் என்பதை, இளைஞர் பணிக்கு யார் கிடைத்தாலும் போதும் என்றிருக்கும் நம் பங்குப் பேரவைகள் கவனிக்கலாம்.

இந்த நூல் நம் நாட்டில் எப்படி வாசிக்கப்படும்? இந்தியச் சிறுவர்க்கு இயக்கத்தின் கதவு மூடியிருந்த காலத்தில், அன்னி பெசன்ட் அம்மையார் 1917இல் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் கண்டார். பிரிந்து கிடந்த அமைப்புகள் பல இணைந்து 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் சாரணியர் இயக்கமாயின. பிரதம சோபானில் தொடங்கி, துவிதிய, திருதிய சோபான்களைக் கடந்து, மாநில அளவில் இராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது எனப் படிகள் உண்டு. இங்கே பெரும்பாலான குழுக்கள் பள்ளிகளில் இயங்குகின்றன. ஆகவே சாரணத் தலைவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே. பேடன் பவல் எந்த நாற்காலியிலிருந்து தலைவரை எழுப்பிவிட்டாரோ அதே நாற்காலியில் நாம் அவரை மறுபடி உட்கார வைத்திருக்கிறோம். விரும்பி வந்தவரும் உண்டு. தலைமையாசிரியர் சொன்னதால் வந்தவரும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்திய இரயில்வேயில் சாரணர்க்கெனத் தனி ஒதுக்கீட்டில் பணியிடங்கள் நிரப்பப்படுகின்றன. குடியரசுத் தலைவர் விருது பெற்றவர், ஹிமாலயன் உட் பேட்ஜ் எனப்படும் நம் நாட்டு மரமணிச் சின்னம் பெற்றவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஓர் ஆங்கிலேயச் சிறுவனுக்குப் பொழுதுபோக்கின்மேல் சுவை பிறப்பிக்க வந்த துணித்துண்டு, இங்கே ஒரு குடும்பத்தின் சோறாகிறது. வேட்டையாடிச் சேர்க்கும் பையனைக் கண்டு முகம் சுளிக்கும் பேடன் பவலின் பக்கங்களை, கூலிவேலை செய்யும் தாயின் மகனிடம் கொடுத்துப் படி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவன் வேட்டையாடினால் பசிக்காக வேட்டையாடுகிறான்.

ஆனால் அதே காரணத்தால் பெரியவரின் கையெழுத்து இங்கே அதிகம் கனக்கிறது. செய்யாத பயணத்தைச் செய்ததாக, கட்டாத முடிச்சைக் கட்டியதாக ஓர் ஆசிரியர் இரக்கப்பட்டு ஒரு பையனுக்குக் கையெழுத்திட்டால், அந்த இரக்கத்தின் விலையைக் கொடுப்பவன் வேறொரு பள்ளியில் மழையில் நனைந்து அந்தப் பயணத்தை உண்மையாகவே செய்தவன். அவனும் ஏழைதான். அவனை இந்த ஆசிரியர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. எட்டாம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது நாம் நீதிமன்றச் சாட்சிக் கூண்டைத்தான் நினைக்கிறோம். பள்ளிக்கூட மேசையில் திறந்து கிடக்கும் பதிவேட்டை நினைப்பதில்லை.

முயற்சியை அளவிடு என்ற பேடன் பவலின் சொல் இந்த ஆசிரியருக்குப் போதுமா? பாதிதான் போதும். கீழ்ப்படிகளில், சோபான்களில், அவர் தாராளமாக அந்த அளவுகோலைப் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். திக்கிப் பேசும் பையன் முதல்முறையாக அணியின்முன் நின்று நான்கு வாக்கியம் பேசினால் அது சின்னத்துக்குத் தகும். மேற்படிகளில், வேலைக்கும் உரிமைக்கும் வழிதிறக்கும் இடத்தில், அமெரிக்கரின் கூட்டாத குறைக்காத விதியே நீதி. எந்தப் படியில் எந்த அளவுகோல் என்று 1919இல் அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய நிலைமையும் அன்று அவர்முன் இல்லை. நாற்பது பிள்ளைகளையும் ஒரு பதிவேட்டையும் வைத்துக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நிற்கும் நம் ஊர் ஆசிரியருக்கான அத்தியாயம் அந்த நூலில் இல்லை.